ஜெஃப் பெக்கின் விரல்களும் நண்பர்களும்

ஆங்கிலேய ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் இரசிகர்கள் எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் அவருடைய 'டச்' எனப்படும் விரல் நயம், அவருடைய நண்பர்கள் என்ற இரண்டு விஷயங்களுக்கே வந்து சேர்கிறார்கள்; இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மறைந்தவர் மீதான மரியாதை, புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அவரைவிட வேகமாகவும் சிக்கலாகவும் வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, அவர் வாசித்த ஒற்றை ஸ்வரத்தைக் கேட்டு மற்றக் கிட்டார் கலைஞர்களே உருகிப்போகிறார்களே, அதற்கு நம் காதால் கேட்டு உறுதிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது உண்டா என்பதுதான் அது. உண்டு என்பது என் பதில். எலெக்ட்ரிக் கிட்டாரைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் கைத்திறன் பற்றிய பகுதியை உறுதியோடு எழுதுகிறேன். நட்பைப் பற்றிய பகுதியில், இசைத்தட்டுகளில் பதிவானதையும் அவர்கள் எல்லோரும் பார்க்க மேடையில் செய்ததையும் மட்டுமே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பெக் 1944 ஜூன் 24 அன்று இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த வாலிங்டனில் பிறந்தார். 2023 ஜனவரி 10 அன்று, பாக்டீரியாவால் வந்த மூளையுறை அழற்சியால் தம் 78-ஆம் வயதில் இறந்தார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே உள்ள நீண்ட இசைவாழ்க்கையில் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு: அவர் பாடகர் அல்லர், மிகுதியாகப் பாடல்கள் எழுதியவரும் அல்லர். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாடியிருக்கிறார், சில இசைத்துணுக்குகளை உருவாக்கியிருக்கிறார். ஆனால் அவர் பெயரை நிலைநாட்டிய வாசிப்புகளில் பெரும்பாலானவை இன்னொருவர் எழுதிய மெட்டின் மீது, இன்னொருவருடைய குரலுக்குப் பக்கத்தில், அல்லது அந்தக் குரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நிற்பவை. விரல் நயமும் நட்பும் ஒரே பேச்சில் சேர்ந்து வருவதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்களைக் கேட்டுக் கேட்டே அவருடைய கை அப்படி ஆயிற்று.

முதலில் கை. 1980-களில் பெக், கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக்கைக் கைவிட்டு, வலது கையின் வெறும் விரல்களால், பெரும்பாலும் கட்டைவிரலால், வாசிக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக் பிக் கம்பியைக் கூர்மையாக ஒரே புள்ளியில் தட்டிவிடுவதால் உயர் மேற்சுரங்கள் நிறைந்த, முனை துருத்திய ஒலி பிறக்கிறது; விரலின் சதை அகலமாகவும் மென்மையாகவும் இருப்பதால் அந்த முனை மழுங்கி, ஸ்வரத்தின் நடுப்பகுதி முன்னே வருகிறது. அதே விரலின் நகத்தால் கம்பியைச் சுண்டினால் கூர்மை திரும்பிவிடும். கம்பியைச் சற்றுத் தூக்கி விட்டால் அது ஃப்ரெட்டில், அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோட்டில், அடித்துக்கொண்டு சாட்டை போலச் சொடுக்கும். இத்தனை வகை ஒலியும் ஒரே கையில், ஒரே வரிக்குள், கருவியை மாற்றாமலே அவருக்குக் கிடைத்தன. இதற்கிடையே அவருடைய சுண்டுவிரல் அவர் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் வால்யூம் குமிழைச் சுற்றிக்கொண்டிருக்கும். குமிழை மூடி வைத்துக் கம்பியை மீட்டிவிட்டு மெல்லத் திறந்தால், மீட்டிய சத்தம் மறைந்து, ஸ்வரம் எங்கிருந்து தொடங்கிற்று என்றே தெரியாமல் வயலின் வில் போல எழும். உள்ளங்கையிலும் மீதி விரல்களிலும் வாமி பார் என்று நாம் சொல்லும், சுருதியை ஏற்றி இறக்கும் அந்த இரும்புத் தண்டு அமர்ந்திருக்கும். கட்டைவிரல் மீட்ட, சுண்டுவிரல் ஒலியளவைக் கூட்டிக் குறைக்க, உள்ளங்கை சுருதியை அசைக்க, மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. என்னிடம் கற்பவர்களுக்கு இந்த மூன்றையும் தனித்தனியே சொல்லித்தர சில வாரங்கள் போதும். மூன்றையும் சேர்த்து, ஸ்வரம் சுத்தமாக விழும்படி வாசிப்பதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இங்கே ஒரு பரவலான கூற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'எல்லாம் விரலில்தான் இருக்கிறது, கருவிக்கு அதில் பங்கில்லை' என்று இரசிகர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் மரத்தோடு ஒட்டி உட்காராமல், முன்னே கம்பிகளின் இழுப்பும் பின்னே ஸ்பிரிங்குகளின் இழுப்பும் சமமாகும் நிலையில் மிதந்துகொண்டிருக்கும். அதனால் பாரை அழுத்தினால் சுருதி இறங்கும், தூக்கினால் ஏறும். கிட்டாரின் தலைப்பக்கத்தில், கம்பிகள் கடந்து போகும் நட் என்ற பகுதியில், உராய்வைக் குறைக்கும் சிறு உருளைகள் பொருத்தப்பட்டிருந்ததால் அசைத்த கம்பிகள் பழைய சுருதிக்கே திரும்பின. வால்யூம் குமிழ் கம்பிகளுக்கு மிக அருகில், விரல் எட்டும் தூரத்தில் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அமைப்பு; லெஸ் பால் போன்ற கிட்டாரில் அது அவ்வளவு அருகில் இல்லை, வாமி பாரும் வழக்கமாக இருப்பதில்லை. அவருடைய மார்ஷல் ஆம்ப் என்ற ஒலிபெருக்கி, ஒலி உடையத் தொடங்கும் விளிம்பில் வைக்கப்பட்டிருந்தால்தான் மெல்லத் தொடும்போது தெளிவும் அழுத்தித் தொடும்போது கரகரப்பும் விரலின் கட்டுப்பாட்டுக்குள் வரும். ஆகவே இந்தக் கருவி இல்லாமல் அந்தப் பிற்கால வாசிப்பு நடந்திருக்காது. ஆனால் கூற்றின் மறுபாதியும் கேட்டால் தெரியக்கூடியதே: 1975-இல் அவர் லெஸ் பாலும், செய்மர் டங்கன் அவருக்காகச் சேர்த்துக் கட்டிய, டெலிகாஸ்டர் உடலில், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் கிப்சன் பிக்கப்புகள் கொண்ட கிட்டாரும் வைத்து வாசித்த 'ப்ளோ பை ப்ளோ' இசைத்தட்டிலேயே அந்த எழும்பும் ஸ்வரங்களும் மூச்சு விடும் இடைவெளிகளும் இருக்கின்றன. கருவி பின்னால் வந்தது. காது முன்னமே இருந்தது.

கைத்திறனின் உச்சம் எது என்று கேட்டால் 1989-இல் டோனி ஹைமஸ், டெர்ரி போஜியோ ஆகியோரோடு வெளியிட்ட 'கிட்டார் ஷாப்' இசைத்தட்டில் உள்ள 'வேர் வேர் யூ' என்ற வாசிப்பைத்தான் நான் சொல்வேன். அதன் மெட்டின் பெரும்பகுதி ஹார்மோனிக்ஸ் எனப்படும் மேற்சுரங்களால் ஆனது. கம்பியை அழுத்தாமல் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே தொட்டு மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஸ்வரமும், 7-இல் அதற்கும் மேலே ஐந்தாம் ஸ்வரமும், 5-இல் இரண்டு ஸ்தாயி மேலே உள்ள ஸ்வரமும் மணி போல ஒலிக்கும். இந்த இடங்கள் இயற்கை விதித்தவை. நடுவே உள்ள ஸ்வரங்கள் சுலபத்தில் அகப்படா. பெக் கிடைத்த மேற்சுரத்தை மீட்டி, பாரை அழுத்தியும் தூக்கியும் அதை வேண்டிய ஸ்வரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அதில் ஃப்ரெட் எதுவும் உதவிக்கு வராது, அரை மில்லிமீட்டர் தவறினாலும் சுருதி விலகிவிடும், ஒவ்வொரு கம்பியும் பாரின் ஒரே அசைவுக்கு வெவ்வேறு அளவில் ஏறி இறங்கும் என்பதையெல்லாம் அறிந்தவர்கள்தான் அந்த வாசிப்பைக் கேட்டுத் திகைக்கிறார்கள். கமகத்தோடு பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே போகும் வழிதான் அங்கே இசை.

அந்த வழியை அவர் யாரிடமிருந்து கற்றார் என்று பார்க்கும்போது மனிதர்கள் உள்ளே வருகிறார்கள். 'வேர் வேர் யூ'வுக்குத் தூண்டுதலாக இருந்தது பல்கேரிய நாட்டுப் பெண்கள் குழுவினர் பாடிய பாடல்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1965-இல் பெக் இருந்த யார்ட்பேர்ட்ஸ் குழு 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' பாடலைப் பதிவுசெய்தபோது முதலில் ஒரு சிதார் கலைஞரை வரவழைத்து முயன்றார்கள். அது சரிவராததால் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டி வழியாகக் கிட்டாரிலேயே சிதாரின் ரீங்காரத்தைக் கொண்டுவந்தவர் பெக். பீட்டில்ஸ் குழுவின் சிதார் பதிவு வெளிவந்தது அதே ஆண்டின் இறுதியில்தான். 1976-இல் 'வயர்ட்' இசைத்தட்டிலும் அதையொட்டிய மேடைகளிலும் அவரோடு வாசித்த ஜான் ஹாமர், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவிலிருந்து வந்தவர். சிந்தசைசரின் சுருதிச் சக்கரத்தைத் திருப்பிக் கிட்டார் கம்பியை வளைப்பது போன்ற ஒலியை வரவழைத்தவர். கிட்டார் போல ஒலித்த அந்தச் சிந்தசைசரைக் கேட்டுப் பெக் மீண்டும் கிட்டாரில் பதில் சொன்னார். பிற்காலத்தில் வாமி பாரை அவர் பயன்படுத்திய விதத்தில் அந்தச் சக்கரத்தின் சாயல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, இதை என் ஊகமாகவே கொள்ளுங்கள். நிதின் சாஹ்னியின் 1999-ஆம் ஆண்டு 'பியாண்ட் ஸ்கின்' இசைத்தட்டில் ஸ்வாதி நடேக்கர் பாடிய 'நாதியா'வை அவர் கிட்டாரில் எடுத்து வாசித்ததும் இந்த வரிசையில் வருவதுதான். ஹிந்துஸ்தானிப் பயிற்சி பெற்ற குரலின் வழுக்கல்களை ஒன்றுவிடாமல் பின்தொடர முயன்றிருக்கிறார் என்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விளங்கும்.

நட்பில் முதல் இடம், பின்னாளில் லெட் செப்பலின் குழுவின் கிட்டார் கலைஞரான ஜிம்மி பேஜுக்கு. பதின்ம வயதிலேயே இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கிட்டார் வாசித்தவர்கள். 1965 மார்ச்சில் எரிக் கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸை விட்டு விலகியபோது, அந்த இடம் பேஜைத் தேடி வந்தது. அப்போது ஸ்டூடியோக்களில் ஓய்வின்றி வாசித்துக்கொண்டிருந்த பேஜ், பெக்கின் பெயரைச் சொன்னார். பெக் பின்னர் தம்முடைய 1959 டெலிகாஸ்டரைப் பேஜுக்குக் கொடுத்தார். பேஜ் அதன்மீது டிராகன் வரைந்து, லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டிலும், 1971-இல் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலின் தனி வாசிப்பிலும் அதையே பயன்படுத்தினார். உலகம் மிக அதிகமாகக் கேட்ட கிட்டார் தனிகளுள் ஒன்று, ஒரு நண்பன் கொடுத்த கருவியில் பிறந்தது என்பது இரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குத் தகுதியான செய்தி. 2009-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் பெக் தனிக் கலைஞராகச் சேர்க்கப்பட்டபோது அவரை அறிமுகம் செய்து வைத்தவரும் பேஜ்தான். அன்றைக்கு இருவரும் சேர்ந்து, 1966-இல் கீத் மூன், ஜான் பால் ஜோன்ஸ், நிக்கி ஹாப்கின்ஸ் ஆகியோரோடு தாங்கள் பதிவுசெய்த 'பெக்ஸ் பொலேரோ'வை மேடையில் வாசித்தார்கள்.

அந்த 'பொலேரோ'வை இயற்றியது யார் என்பதில் இருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. இசைத்தட்டில் பேஜின் பெயர் இருக்கிறது. மெட்டில் தம் பங்கு பெரிது என்று பெக் சொல்லிவந்தார். அதேபோல, 1968-இல் வெளியான பெக்கின் 'ட்ரூத்'திலும் 1969 ஜனவரியில் வெளியான செப்பலினின் முதல் இசைத்தட்டிலும் 'யூ ஷுக் மீ' என்ற ஒரே பாடல் இருப்பதைக் காட்டி, ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று வாதிடுவோர் உண்டு. அது வில்லி டிக்சன் எழுதி மட்டி வாட்டர்ஸ் பாடிய ப்ளூஸ் பாடல், அன்றைய இங்கிலாந்தின் இளைஞர்கள் பலர் அறிந்த பாடல் என்பதற்கு மேலே போய்த் தீர்ப்புச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, இவ்வளவுக்குப் பிறகும் நாற்பது ஆண்டு கழித்து அவர்கள் ஒரே மேடையில் மகிழ்ச்சியோடு நின்றார்கள் என்பது.

அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் விஷயமும் இப்படித்தான். 1972-இல் 'டாக்கிங் புக்' பதிவுகளின்போது பெக் அங்கே போய், அந்த இசைத்தட்டில் ஒரு பாடலுக்குக் கிட்டார் வாசித்தார். 'சூப்பர்ஸ்டிஷன்' பெக்குக்காகத் திட்டமிடப்பட்ட பாடல் என்பதும், வொண்டரின் பதிவே முதலில் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது என்பதும் தெரிந்தவை. அந்த டிரம்ஸ் தாளத்தை ஸ்டூடியோவில் விளையாட்டாகத் தட்டத் தொடங்கியது பெக்தான் என்ற கதை அவரவர் நினைவை நம்பியது, பதிவேட்டை அல்ல. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. வொண்டர் தம்முடைய இரண்டு பாடல்களைப் பெக்கின் 'ப்ளோ பை ப்ளோ'வுக்குக் கொடுத்தார். அதில் ஒன்றுதான் 'காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்'. அதற்கு முந்தைய ஆண்டு பாடகி சிரீட்டாவின் குரலில் சொற்களோடு வந்த அந்தப் பாடலைப் பெக் சொற்களே இல்லாமல் வாசித்தார். குரலே இல்லாத அந்த இசைத்தட்டு, பீட்டில்ஸோடு பணியாற்றிய ஜார்ஜ் மார்ட்டினின் தயாரிப்பில், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போயிற்று. இன்னொன்றும் உண்டு: அந்த வாசிப்பைப் பெக், டெலிகாஸ்டரில் வால்யூம் குமிழைத் திருப்பி அழவைக்கும் வித்தையில் முன்னோடியான ராய் புக்கானனுக்குக் காணிக்கையாக்கினார், மறு ஆண்டு புக்கானன் தம்முடைய இசைத்தட்டில் 'மை ஃப்ரெண்ட் ஜெஃப்' என்று பெயரிட்ட வாசிப்பால் பதில் அனுப்பினார். இரண்டு கிட்டார் கலைஞர்கள் இசைத்தட்டுகள் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டதைப் போன்ற இந்த நிகழ்ச்சி, விரல் நயத்தையும் நட்பையும் ஏன் பிரிக்க முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று.

இதனால் அவர் எல்லோரோடும் இணக்கமாக இருந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1966-இன் இறுதியில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே யார்ட்பேர்ட்ஸோடு அவர் உறவு முறிந்தது. ராட் ஸ்டூவர்ட் பாட, ரான் வுட் பேஸ் கிட்டார் வாசித்த முதல் ஜெஃப் பெக் குழு, 1969-இல் வுட்ஸ்டாக் விழாவில் வாசிக்கவிருந்த சில வாரங்களுக்கு முன் கலைந்தது. 1984-இல் ஸ்டூவர்ட்டின் சுற்றுப்பயணத்தில் சேர்ந்தவர் சில நிகழ்ச்சிகளோடு விலகிவிட்டார். ஆனால் மறு ஆண்டு வெளிவந்த 'பீப்பிள் கெட் ரெடி'யில் ஸ்டூவர்ட்டின் குரலுக்கு அவர் கொடுத்த பதில்கள் அவருடைய மிக அழகான வாசிப்புகளுள் அடங்கும். மறைந்தவரைப் பற்றி நண்பர்கள் சொல்லும் வார்த்தைகளில் இந்த முறிவுகள் மென்மையாகிவிடுவது இயல்பு. ஆகவே அந்தப் புகழுரைகளைவிட, முறிந்தவர்கள் மீண்டும் மீண்டும் அவரிடமே வந்தார்கள் என்ற நடப்பையே நான் நம்புகிறேன். 1983 செப்டம்பரில், நரம்பு மண்டல நோயால் தளர்ந்திருந்த இசைக்கலைஞர் ரானி லேனுக்காக லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த நிகழ்ச்சியில் கிளாப்டன், பெக், பேஜ் ஆகிய மூன்று யார்ட்பேர்ட்ஸ் கிட்டார் கலைஞர்களும் ஒரே மேடையில் ஏறினார்கள். 2010-இல் கிளாப்டனும் பெக்கும் சேர்ந்து நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். பெக் மறைந்த பின், 2023 மே 22, 23 தேதிகளில் அதே ஆல்பர்ட் ஹாலில் அஞ்சலி நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தவரும் கிளாப்டன்தான். ஸ்டூவர்ட்டும் வுட்டும் அதில் பங்கேற்றார்கள், 1975-இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவோடு பெக்குடன் சுற்றுப்பயணம் செய்த ஜான் மெக்லாஃப்லினும் வந்து வாசித்தார்.

புகழ்பெற்ற பெயர்களை மட்டும் சொன்னால் அவருடைய நட்பின் இன்னொரு பக்கம் விட்டுப்போகும். தம்மைவிட மிக இளையவர்களைப் பக்கத்தில் நிறுத்தி, அவர்களுக்கு இடம் விட்டவர் அவர். 2007-இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் பதிவான நிகழ்ச்சியைப் பாருங்கள். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியப் பேஸ் கலைஞர் டால் வில்கன்ஃபெல்ட், 'காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்' நடுவே தனி வாசிக்கிறார். அது பெக்கின் அடையாளமாகவே ஆகிவிட்ட மெட்டு. அதில் தம் இடத்தை அவர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, வெளிப்படையான மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜெனிஃபர் பேட்டன், ரோண்டா ஸ்மித், இமெல்டா மே, 2016-இல் 'லவுட் ஹெய்லர்' இசைத்தட்டை அவரோடு சேர்ந்து உருவாக்கிய ரோசி போன்ஸ், கார்மென் வாண்டென்பெர்க் என்று இந்தப் பட்டியல் நீளும். ராக் கிட்டார் உலகம் பெண் கலைஞர்களுக்கு இடம் கொடுப்பதில் பின்தங்கியே இருந்த காலம் முழுவதும் அவருடைய மேடை அப்படி இருந்தது என்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இசைத்தட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்க வேண்டாம். சிரீட்டா பாடிய 'காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்' பாடலை முதலில் சொற்களோடு கேளுங்கள். மெட்டு மனத்தில் படிந்த பிறகு 1975-இல் பெக் வாசித்ததைக் கேளுங்கள். அதன் பின் 2007 ரானி ஸ்காட்ஸ் பதிவைக் காட்சியோடு பாருங்கள், இடது கையை விட்டுவிட்டு வலது கையின் சுண்டுவிரலை மட்டும் கவனியுங்கள். அடுத்து ஸ்வாதி நடேக்கரின் 'நாதியா'வையும் பெக்கின் 'நாதியா'வையும் இதே முறையில் கேளுங்கள். 'வேர் வேர் யூ'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை ஹெட்ஃபோனில், சத்தம் குறைவாக வைத்துக் கேட்பது நல்லது. நீங்கள் கற்றுக்கொண்டிருப்பவர் என்றால், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கையில் உள்ள கிட்டாரில் பிக்கைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பாடகரின் இரண்டு வரியை, அவர் மூச்சு விடும் இடங்களில் நீங்களும் நிறுத்தி, கட்டைவிரலால் வாசித்துப் பாருங்கள்.